சுவருக்கு ஒரு ஞானத்தந்தை

சும்மா எதையாவது கொடுக்கிறேன் என்று எவனாவது குன்றேறி வந்தால், கசிமிரா அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். லீமா நகரத்தின் ஓரத்தில் த்ரெஸ் வியேந்தோஸ் குன்றில் குடியிருப்பவர்கள் காலில் எப்போதும் சாம்பல் புழுதி அப்பியிருக்கும். புழுதி இல்லாத கால் என்றால் அது ஓட்டுக் கேட்க வந்த காலாக இருக்கும், இல்லையென்றால் நோட்டீஸ் ஒட்ட வந்த காலாக இருக்கும். அன்றைக்குப் பொதுச் சமையற்கூடத்துக்குள் நுழைந்த பையன் வெள்ளை வெளேரென்று கேன்வாஸ் ஷூ போட்டிருந்தான். கசிமிராவுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

பையன் பெயர் ஃபாப்ரீசியோ. நகரத்துக் கலை நிதியிலிருந்து வருகிறானாம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் நின்று, கல்யாணச் சேதி சொல்பவன் போலப் பல்லைக் காட்டினான்.

"உங்க குன்றுக்கு மானியம் கெடச்சிருக்கும்மா! எத்தனையோ பேட்டைங்க கேட்டு நிக்குது, உங்களத்தான் பொறுக்கி எடுத்திருக்காங்க."

"தண்ணிக் குழாய் வருதா?" என்று கேட்டாள் ஹெர்மெலிண்டா.

"இல்லம்மா. ஓவியம். குன்று வாசல்ல பெரிய சுவரோவியம்."

"அப்ப ஒரு குழாயப் படமா வரைஞ்சு விடு தம்பி. தொறந்தா தண்ணி வருதான்னு பாப்போம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தண்ணீர் லாரி வராமல் பீப்பாய்கள் காய்ந்து கிடந்த வாரம் அது. பையனும் சிரித்து வைத்தான். சிரிக்காமல் வேறு என்ன செய்வான், பாவம்.

"இது பொதுக் கலைம்மா. பொதுச் சுவர்ல, பொதுமக்களுக்காக. செலவு பூராவும் நிதி பாத்துக்கும். நீங்க எங்களுக்குக் கொன்ட்ராபார்த்தே. அவ்ளோதான்."

கொன்ட்ராபார்த்தே! பருப்பைக் கிளறிக்கொண்டிருந்த அகப்பை கசிமிராவின் கையில் அப்படியே நின்றுவிட்டது. அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமானது. கோர்ட் வராந்தா பெஞ்சில் வருடக்கணக்காக உட்கார்ந்து தேய்ந்தவள் அவள். உள்ளேயிருந்து சிப்பந்தி எட்டிப் பார்த்து, "கொன்ட்ராபார்த்தே வந்தாச்சா?" என்று கத்துவான். எதிர்த்தரப்பு என்று அர்த்தம். அதாவது, நம் குடியைக் கெடுக்க வந்திருப்பவன்.

வழக்கு அவள் வீட்டுச் சுவரைப் பற்றியது. குன்றுப் பாதையின் முதல் வளைவில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கிற வீடு அவளுடையது. கல்லைத் தலையில் சுமந்து, சிமெண்டைக் கடனுக்கு வாங்கி, அவளும் செத்துப்போன புருஷனும் எழுப்பிய சுவர். அந்த மூலை வீட்டுமனையே அல்லவாம், பொதுப்பாதையாம். கசிமிரா பாதையை மறித்துச் சுவர் கட்டிவிட்டாள், இடித்துத் தள்ள வேண்டும் என்று ஒலசாபால் என்ற வக்கீல் கேஸ் போட்டிருந்தார். உண்மை என்னவென்றால், அவருடைய கட்சிக்காரருக்கு மேலே கிடங்கு கட்ட ஓர் இடம் இருந்தது. கசிமிராவின் வீடு போனால்தான் லாரி ஏறும். குன்றில் எல்லாருக்கும் இது தெரியும். நீதிபதிக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

"எதிர்த்தரப்பா? நாங்களா? எந்தக் கேஸுல?" என்றாள் கசிமிரா.

"கேஸா? என்னம்மா, நல்ல காரியம் பேசிட்டிருக்கோம்..."

"கெளம்பு தம்பி. பருப்பு அடிபிடிக்குது."

அன்று பொழுது சாய்வதற்குள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "அந்த வெள்ளைச் செருப்புக்காரன் கிட்ட ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. நம்மள எதிர்த்தரப்புன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான். படம் வரையறேன்னு உள்ள வருவான், அப்புறம் சுவரு யாருதுன்னு கேப்பான். நம்ம தலையில மொளகா அரைக்கப் பாக்கறான்." கோர்ட் விஷயத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. அடுத்த முறை ஃபாப்ரீசியோ வந்தபோது ஒரு கதவும் திறக்கவில்லை. யாரோ பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் காலடியில் குறி பார்த்து ஊற்றினார்கள்.

அவனும் விடவில்லை. பழைய ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு மறுபடி வந்து, சமையற்கூட வாசலில் காலிப் பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டான். "நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்கம்மா, போயிடறேன்" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. கசிமிரா சொன்னாள். எதிர்த்தரப்பு என்று கூப்பிட்டவனுக்குச் சோறு போட்டு உட்கார வைப்பார்களா என்று கேட்டாள்.

 பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ அம்மா! எங்க மானிய வேலைல கொன்ட்ராபார்த்தேன்னா உங்க பங்கும்மா, உங்க பங்கு! நாங்க பெயின்ட்டும் ஓவியரும் கொண்டாருவோம். நீங்க சுவரக் குடுப்பீங்க, கழுவத் தண்ணி குடுப்பீங்க, வேலை செய்யறவங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவீங்க. அந்தப் பங்குக்குப் பேருதான் அது. சும்மா ஒரு வார்த்தைம்மா."

அவ்வளவுதான், குன்று முழுக்கச் சிரித்தது. அதிலும் ஹெர்மெலிண்டா இருக்கிறாளே, கசிமிராவின் மகளுக்கு ஞானத்தாய், அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ கொமாத்ரே! எதிர்த்தரப்புப் பருப்பு வெந்துச்சா, உப்பு போடட்டா?" என்று அடுப்படியில் தினமும் ஒரு பாட்டு. சிலிண்டர்காரன்கூட வாசலில் நின்று, "கொன்ட்ராபார்த்தே அம்மா, கேஸ் வேணுமா?" என்று கூவ ஆரம்பித்துவிட்டான். கசிமிராவுக்கு மானம் போயிற்று. அவள் வயதுக்கு, வாய்த் திறமைக்கு, குன்றில் அவளைப் பார்த்து இதுவரை யாரும் சிரித்ததில்லை.

அதனால்தான் சுவரைக் கொடுக்கச் சம்மதித்தாள். வெட்கத்தில் சம்மதித்தாளே தவிர, நம்பிச் சம்மதிக்கவில்லை. ஒரே வார்த்தைக்கு ஓரிடத்தில் பகையாளி, இன்னோரிடத்தில் பருப்புச் சோறா? இதென்ன பாஷை? எங்கேயோ உதைக்கிறது என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஓவியம் வரைய வந்த பெண் யானிரா. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அவள் பூட்ஸில் ஏழெட்டு நிறத்தில் பெயின்ட்டும் அதன் மேல் நல்ல அசல் குன்றுப் புழுதியும் இருந்தன. கசிமிராவுக்குக் கால் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தப் பெண் முதல் நாளே சொன்னது பிடிக்கவில்லை.

"மொதல்ல சுவர் பூரா கிறுக்கணும்மா. எல்லாரும் வாங்க. எதையாவது எழுதுங்க, கோடு போடுங்க, என்ன வேணா."

"படம் வரைய வந்தியா, சுவரப் பாழாக்க வந்தியா?"

"சுவர் பெரிசு, என் படம் சின்னக் காகிதத்துல இருக்கு. சும்மா வெறும் சுவரா இருந்தா மூக்கு எங்க வரணும், காது எங்க வரணும்னு எனக்கு எப்படித் தெரியும்? கிறுக்கினத போட்டோ எடுத்து, அதுக்கு மேல என் படத்த வெச்சுப் பாப்பேன். இன்ன எழுத்துக்குப் பக்கத்துல மூக்கு, இன்ன கோட்டுகிட்ட காதுன்னு அடையாளம் கெடச்சிடும். வரைய வரைய எல்லாம் உள்ள மறைஞ்சிடும்."

எல்லாம் மறைந்துவிடும் என்று கேட்டதுதான் தாமதம், குன்றே கரியும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஹெர்மெலிண்டா தன்னை விட்டு ஓடிப்போன புருஷனின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் எழுதக்கூடாததை எல்லாம் எழுதினாள். ஒருவன் மாமியாருக்கு மீசை போட்டான். ஒருவன் தோற்றுப்போன கால்பந்து அணிக்கு ஒப்பாரி எழுதினான். கசிமிரா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய், வாசல் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்பு எனாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சாக்கட்டி போதும்மா" என்றான் ஃபாப்ரீசியோ.

"எஞ் சுவரு, எம் பெயின்ட்டு. உனக்கென்ன?"

நாற்காலி போட்டு ஏறினாள். கட்டை விரல் தடிமனான பிரஷ்ஷால், ஒவ்வோர் எழுத்தையும் முழங்கை நீளத்துக்கு இழுத்து எழுதினாள்: இந்தச் சுவர் கசிமிராவுடையது. பெயின்ட் வழிந்தது, கை சிவந்தது, கசிமிரா அசரவில்லை.

யானிரா சிரித்தாள். "நல்லா எழுதுங்கம்மா. ஆனா எல்லாம் உள்ள போயிடும், வெளிய தெரியாது."

"உள்ள போனா என்ன? இருக்குமில்ல?"

"இருக்கும்" என்றாள் யானிரா.

"அது போதும்."

வேலை நடந்தது. கசிமிரா தன் பங்காக தினமும் மத்தியானம் சாப்பாடு போட்டாள், கூடவே கண்காணிப்பும் செய்தாள். பெயின்ட் டப்பாக்களின் அடியில் எவன் பெயராவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். ஃபாப்ரீசியோ போனில் பேசினால் பக்கத்தில் போய் அரிசி புடைத்தாள். "நிதி யாரோடது? குடுக்கறவங்களுக்கு என்ன லாபம்?" என்று சூப் ஊற்றும்போதெல்லாம் கேட்டாள். "யாருக்கும் லாபம் இல்லம்மா, ஊர் அழகாகும்" என்பான் அவன். லாபம் இல்லாமல் எவன் செய்வான்? அதுதான் அவளுக்கு உதைத்தது.

பிறகு ஒருநாள் சுவரில் ஒரு முகம் தெரிய ஆரம்பித்தது. லாரி அளவுக்கு முகம். முதலில் நெற்றி, பிறகு அந்த நெற்றியின் சுருக்கம், பிறகு ஒரு பக்கமாகத் தூக்கிய புருவம். கசிமிரா தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஏ பொண்ணு. இது யாரு?"

"யாரு மாதிரி இருக்கு?"

"என்னய எதுக்கு வரையற? நான் கேட்டனா?"

"குன்று வாசல்ல யாரு நிக்கணும்? வர்றவன் போறவனையெல்லாம் காலப் பாத்து எடை போடறது நீங்கதான. நீங்கதான் நிக்கணும்."

கசிமிரா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, ஏனென்று அவளுக்கே புரியவில்லை. ஆயுசில் அவளை யாரும் படம் எடுத்ததில்லை, அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர. அதில் அவள் கோழி திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருப்பாள். இதிலோ கையில் அகப்பையும், பின்னால் ஆவி பறக்கும் அண்டாவும், அதற்குப் பின்னால் குன்று முழுக்க வீடுகளுமாக, ராணி மாதிரி நின்றாள். நெடுஞ்சாலையில் போகிற பஸ்களிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட அவள் வாசல் பக்கம்தான் வந்தாள், பின்பக்கம் சாக்கடை இருந்தும். ஹெர்மெலிண்டா இதைக் கவனித்துவிட்டாள். "என்ன கொமாத்ரே, கண்ணாடி வாங்கக் காசில்லையா?" என்றாள். கசிமிரா அவள் மேல் ஈரத் துணியை விட்டெறிந்தாள்.

லீமாவின் குளிர்காலம் மழையாகப் பெய்து தொலைக்காது. மாதக்கணக்கில் நசநசவென்று ஈரமாகத் தொங்கும். ஒருநாள் காலை கசிமிரா தண்ணீர் கொட்ட வந்தபோது, சுவரிலிருந்த தன் முகவாயில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருப்பதைப் பார்த்தாள். விரலால் அமுக்கினாள். உள்ளே காற்று. யானிராவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"உங்க எனாமல் வேலைதாம்மா இது" என்று யானிரா தலையில் கை வைத்தாள். "வழவழன்னு இருக்கு, அதுக்கு மேல என் பெயின்ட் ஒட்ட மாட்டேங்குது. ஈரம் வேற. நான் அப்பவே சுரண்டி எடுத்திருக்கணும். திறப்பு விழா முடியட்டும், சரி பண்ணிடறேன். அதுவரைக்கும் அதத் தொடாதீங்க, தோலு மாதிரி உரிஞ்சிடும்."

திறப்பு விழா என்றால் ஞானத்தந்தை இல்லாமல் முடியுமா? குழந்தைக்கு மட்டுமா ஞானத்தந்தை, கடைக்கு, பஸ்ஸுக்கு, புதுக் கூரைக்கு, எல்லாவற்றுக்கும் ஒருவர் வேண்டும். ரிப்பன் கட்டித் தொங்கவிட்ட மது பாட்டிலை அவர் குட்டிச் சுத்தியலால் உடைப்பார், நாலு நல்ல வார்த்தை சொல்வார், விருந்துக்கும் பாண்டு வாத்தியத்துக்கும் கொடுப்பார். கசிமிரா மீன் கடைக்காரரைச் சொல்லியிருந்தாள். ஃபாப்ரீசியோ ஓடி வந்து, வேண்டாம், பெரிய மனுஷர் ஒருவர் தானாகவே போன் செய்து நான் வருகிறேன் என்று கேட்டிருக்கிறார் என்றான்.

"பேரு?"

"சொல்ல வேணாம்னுட்டாரும்மா. நேர்ல வந்து உங்கள ஆச்சரியப்படுத்தணுமாம்."

"பேரு சொல்லாத பெரிய மனுஷனா? ஏன் தம்பி, உனக்கு இது உறுத்தவே இல்லையா?"

"உங்களுக்கு எல்லாமே உறுத்தும்மா" என்று சிரித்தான் அவன். பக்கத்திலிருந்த ஹெர்மெலிண்டாவும் சிரித்தாள். முன்பு ஒருமுறை மூக்குடைபட்டவள், மறுபடி வாயைத் திறக்கத் தயங்கி, கசிமிரா பேசாமல் இருந்துவிட்டாள். 

விழா நாள். காகிதத் தோரணம், பாண்டு வாத்தியம், குன்று முழுக்கக் கூட்டம். நகரசபை உறுப்பினர் அம்மாள் ஒருத்தி குறுக்கே பட்டை அணிந்து வந்திருந்தாள். கசிமிரா சுவரோரம் அண்டாவுக்குப் பின்னால் நின்று கோழிச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். குனிந்து கிளறும்போதுதான், கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் ஒரு ஜோடி ஷூவைப் பார்த்தாள். கறுப்பு. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஈர மண்ணில் பூனை போலத் தாண்டித் தாண்டி வந்தது. கோர்ட் வராந்தாவில் எத்தனையோ காலைகளில் அவள் குனிந்த தலையோடு பார்த்துக்கொண்டிருந்த அதே ஷூ.

"நம்ம சுவரோட ஞானத்தந்தை, டாக்டர் ஒலசாபால் அவர்கள்!" என்று ஃபாப்ரீசியோ மைக்கில் அறிவித்தான். அந்த ஊரில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஊசி போடத் தெரியாது, உயிரை வாங்கத் தெரியும்.

குன்றுக்காரர்கள் முகம் செத்துப்போயிற்று. பாண்டுக்காரர்களுக்கு விவரம் தெரியாது, அவர்கள் ஊதினார்கள். ஒலசாபால் தன்னோடு வந்த ஆளிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு, குட்டிச் சுத்தியலைக் கையில் வாங்கி, கசிமிராவின் சுவருக்கு முன்னால் போய் நின்றார். அந்தச் சுவரை இடிக்க வருடக்கணக்காக அலைகிற ஆள், சுத்தியலோடு!

"அன்பான குடிமக்களே" என்றார். தேன் ஒழுகும் குரல். "கலை என்பது எல்லாருக்கும் சொந்தம். அதனால்தான் நகரத்தின் பொதுக் கலை நிதி, பொதுச் சுவர்களுக்கு மட்டுமே மானியம் கொடுக்கிறது. இந்தச் சுவரும் பொதுச் சுவர் என்று ஏற்று, நகரமே செலவு செய்திருக்கிறது. இது பொது இடம் என்பதை மனமுவந்து ஒத்துக்கொண்டு, தன் கையாலேயே விருந்தும் சமைத்துப் போடுகிற கசிமிரா அம்மையாருக்கு முதலில் கைதட்டுங்கள்!"

உறுப்பினர் அம்மாள் கைதட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்?

பொது. அந்த வார்த்தை! முதல் நாளே பையன் மூன்று தடவை சொன்னானே. பொதுக் கலை, பொதுச் சுவர், பொதுமக்கள். எதிர்த்தரப்பு என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கி, வீட்டைத் தின்ன வந்த வார்த்தையைக் கோட்டை விட்டுவிட்டாள். அந்த வீடியோ கோர்ட்டுக்குப் போனால், சுவர் பொதுச் சொத்து என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"தம்பி. இங்க வா." ஃபாப்ரீசியோ வந்தான். "இது பொதுச் சுவருன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"பொதுச் சுவர்னாதான் மானியம் தருவாங்கம்மா. எல்லா எடத்துலயும் அப்படித்தான் சொல்வோம். அது சும்மா ஒரு..." அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு ஒலசாபாலைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.  சத்தியமாக அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் தெரியாமல் வைத்த தீயும் கூரையை எரிக்கத்தானே செய்யும்?

ஒலசாபால் சுத்தியலை ஓங்கினார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்" என்றாள் கசிமிரா.

அண்டாவை விட்டு வெளியே வந்தாள். கையில் சூப் சொட்டுகிற அகப்பை. எல்லாரும் அவள் பேசப் போகிறாள் என்று நினைத்தார்கள். ஃபாப்ரீசியோ மைக்கைக்கூட நீட்டினான். அவள் அதைத் தள்ளிவிட்டு, நேராகச் சுவரிடம் போனாள். தன் முகத்துக்கு நேரே நின்று அண்ணாந்து ஒரு தரம் பார்த்தாள். தூக்கிய புருவத்தோடு அந்தப் பெரிய கசிமிரா நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றாள். எத்தனை அழகு!

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து யானிராவுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, வேணாம்மா!" என்று கத்தினாள்.

கசிமிரா அகப்பையின் விளிம்பை முகவாயிலிருந்த கொப்புளத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பெயின்ட் பொத்தென்று விட்டுக்கொடுத்தது. நுனியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முதலில் முகவாய் வந்தது, அதோடு வாய் வந்தது. மீன் கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து போட்டார். அவள் ஏறி நின்று இழுத்தாள். கன்னம், மூக்கு, கடைசியில் தூக்கிய அந்தப் புருவமும். ஈரத் துணி போல அவள் முகம் அவள் காலடியில் வந்து விழுந்தது. உரிந்த இடத்தில், கதவுக்கு அடித்த அதே சிவப்பு, நேற்று எழுதினாற்போல் பளபளத்துக்கொண்டு நின்றது.

பாண்டு வாத்தியம் நின்றுவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். ஹெர்மெலிண்டாதான் முதலில் வாய்விட்டுச் சத்தமாகப் படித்தாள். அவள் குரலில் இந்தத் தடவை கேலி இல்லை. "இந்தச் சுவர் கசிமிராவுடையது." பிறகு இன்னொருத்தி படித்தாள். பிறகு சிலிண்டர்காரன். பிறகு குன்றே சேர்ந்து, ஜெபம் சொல்வது போலத் திரும்பத் திரும்பப் படித்தது. உறுப்பினர் அம்மாள் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "இது தனியார் சுவரா?" என்று ஃபாப்ரீசியோவைக் கேட்டாள்.

"ஆமாங்க" என்றான் அவன், மைக் கையில் இருப்பதை மறந்து. "அவங்க சுவருதான். அவங்க கட்டினது. பொதுச் சுவருன்னு நான்தான் பொய் சொன்னேன்." அது குன்று முழுக்கக் கேட்டது. இனி அவனுக்கு அந்த வேலை இருக்காது என்று கசிமிராவுக்கு அப்போதே தெரிந்தது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

யானிரா கீழே கிடந்த பெயின்ட் தோலை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கையிலேயே நொறுங்கியது. "முகம் போச்சேம்மா" என்றாள்.

"மொகம் எங்கிட்டயே இருக்கு கண்ணு" என்றாள் கசிமிரா.  "சுவருதான் ஒண்ணே ஒண்ணு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து இறங்காமலே ஒலசாபால் பக்கம் திரும்பினாள். அவருடைய ஆள் போனைக் கீழே இறக்கியிருந்தான். பளபளத்த ஷூ மேல் சிவப்பும் பழுப்புமாகப் பெயின்ட் பொருக்கு உதிர்ந்து கிடந்தது.

"இந்தக் குன்றுல கொன்ட்ராபார்த்தே யாருன்னு இத்தன நாளா தேடிட்டிருந்தேன் டாக்டர்" என்றாள். "எடுக்கச் சொல்லுங்க வீடியோவ. எழுத்து நல்லாத் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்க."

அந்த ஆள் எடுக்கவில்லை. மற்ற எல்லாரும் எடுத்தார்கள்.